பதினாலாம் எண்ணுக்குத் தீர்வு இல்லை

சஃப்ரீன் கொண்டுவந்த அட்டைகள் மொத்தம் நாற்பத்தொன்று. நாற்பதை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தாள். ஒன்றை மட்டும் தனியே பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தாள். செம்பூரில் நம்பிராஜன் வேலை பார்க்கும் செஸ் கிளாஸின் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வரச் சொல்லியும் வராமல், வந்த விஷயத்தைச் சொன்னாள். நாற்பதையும் ஜீஷான் பெயரில் நெட்டில் ஏற்ற வேண்டும். தனியாக இருக்கும் ஒன்றை ஏற்றக் கூடாது.

"அது தப்பானதுண்ணே. அத வச்சுத்தான் அவுக புத்தி போயிட்டுன்னு ஆச்சு. இந்த நாப்பதும் சரின்னு நெட்ல வந்துட்டுன்னா, அவுக அண்ணன் வீட்டுக்கு ஒரு லிங்க் அனுப்பணும். பாத்துக்கிடட்டும்."

ஜீஷான் அவள் புருஷன், நம்பிராஜனின் கூட்டாளி. போன வருஷம் நோன்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது செத்துப்போனான். முப்பத்தேழு வயது. காசநோய், அதிலும் சாதாரண மருந்துக்கு அடங்காத வகை. பதினெட்டு மாதம் விழுங்க வேண்டிய மாத்திரைகளை ஆறாவது மாதத்தில் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டான். பெண்டாட்டி முன்னால் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பான். பிறகு பீடி வாங்கப் போகிறவன்போல வெளியே போய் நாலா என்கிற சாக்கடையில் துப்பிவிட்டு வருவான். அது தெரியவந்தபோது நான்கு மாதம் ஓடியிருந்தது. அதற்குப் பிறகு எந்த மருந்துக்கும் நோய் கேட்கவில்லை.

ஏன் நிறுத்தினான் என்று கேட்டால் தாராவியில் அவன் அண்ணன் குடும்பத்திடம் ஒரே பதில்தான். பைத்தியம் பிடித்துவிட்டது. கல்யாண வீட்டில், மய்யத்து வீட்டில், எங்கே சஃப்ரீனைக் கண்டாலும் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்வார்கள். திட்டினால்கூடப் பதிலுக்குத் திட்டிவிடலாம். இரக்கப்பட்டால் என்ன செய்வது. கோவண்டிக்குத் தம்பி வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகும் அந்தப் பேச்சு ரயிலேறி அவள் பின்னாலேயே வந்தது. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். செத்தவன் பைத்தியமாகச் சாகவில்லை என்று யாராவது காட்ட வேண்டும்.

நம்பிராஜன் அட்டைகளை வாங்கிக்கொண்டான். அது அவனுக்குத் தெரிந்த வேலை. ஐரோலி கால் சென்டரில் ஒன்பது வருஷம் பார்த்த நைட் ஷிஃப்ட்டை விட்டபிறகு அவனுக்குக் கிடைத்ததும் அந்த ஒரு வேலைதான். கிளாஸ் நடத்துகிறவரிடம் பழைய செஸ் புத்தகங்களும் பத்திரிகைகளும் மூன்று அலமாரி நிறைய இருந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு, ஆறு என்று அச்சிட்ட பலகைப் படங்கள். அவற்றை ஃபோன் கேமராவில் எடுத்துப் பிள்ளைகளின் டேப்லெட்டில் ஆடுகிற மாதிரி மாற்றித் தர வேண்டும். அதற்கு ஒரு ஆப் இருந்தது. படத்தைக் காட்டினால் அறுபத்துநான்கு கட்டமாக அறுத்து, எந்தக் கட்டத்தில் எந்தக் காய் என்று படித்து, தன்னுடைய சுத்தமான பலகையில் அடுக்கிக் காட்டும். கூடவே அதிலுள்ள என்ஜின் கணக்குப் போட்டு விடையும் சொல்லும். மை கசிந்த பக்கத்தில் மந்திரியைச் சிப்பாய் என்று படிக்கும். ஒருமுறை டீக்கறையைக் கறுப்புச் சிப்பாயாக்கி ஆட்டத்தையே கெடுத்தது. அதனால் ஒவ்வொரு படத்தையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். நம்பிராஜன் அதில் மட்டும் சோம்பல் படமாட்டான். இப்போது.

ஜீஷானின் அட்டைகளில் கசிவும் இல்லை, கறையும் இல்லை. அவன் அண்ணனுக்குத் தாராவி தொண்ணூறடி ரோட்டில் ஸ்கிரீன் பிரின்டிங் கடை. கல்யாணப் பத்திரிகையும் துணிப்பையும் அடிக்கிற கடை. அங்கேதான் ஜீஷானும் வேலை பார்த்தான். வீணாய்ப்போன பத்திரிகை அட்டைகளின் பின்பக்கம் அவனே பலகைக் கட்டங்களை அச்சடித்துக்கொள்வான். காய்களுக்குப் பன்னிரண்டு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருந்தான். வெள்ளை ராஜா ஒன்று, கறுப்பு ராஜா ஒன்று என்று ஆளுக்கொரு ஸ்டாம்ப். ஒரு புறம் யாரோ முகம் தெரியாத இரண்டு பேருக்குக் கல்யாணம். மறுபுறம் வெள்ளை ஆடி, கறுப்பு என்ன செய்தாலும், இரண்டாவது நகர்த்தலில் மேட். அவன் ஆட்டக்காரன் இல்லை, ஆடினால் தோற்பான். இப்படிப் புதிர் கட்டுவதுதான் அவனுக்குப் பித்து.

அந்தப் பிளாஸ்டிக் உறை அட்டையை நம்பிராஜனுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷம் முன்னால் ஜூலையில் அதை அனுப்பியவனே அவன்தான்.

மாட்டுங்காவில் ஒரு சதுரங்க வட்டம் புதிர் போட்டி வைத்தது. கையால் எழுதி அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஆப்பில் ஏற்றிய ஃபைலாக வர வேண்டும். ஜீஷானின் ஃபோன் பேசுவதற்கே திணறும். அதனால் நம்பிராஜனிடம் அட்டையைக் கொடுத்தான். அப்போது அவன் மாத்திரை தின்ன ஆரம்பித்து ஐந்தாவது மாதம். மாத்திரை கொடுக்கும் இடத்தில், அதில் ஒன்று சிலருக்குப் புத்தியைப் பிசக வைக்கும், வித்தியாசமாக ஏதாவது தெரிந்தால் உடனே வந்து சொல்ல வேண்டும் என்று எச்சரித்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் அன்றிலிருந்து ஜீஷானுக்கு நோயைவிட அந்த ஒரு மாத்திரைமேல்தான் பயம். கடையில் அச்சடிக்கிற மரச்சட்டம் ஒன்றை எங்கே வைத்தோம் என்று மறந்தால்கூட முகம் வெளுத்துவிடும்.

"நுரையீரல் ஒண்ணு போனா இன்னொண்ணு கெடக்குல, நம்பி," என்று சொன்னான். "புத்தி ஒண்ணேதாம்ல இருக்கு."

அந்தப் புதிரை அவன் மூன்று வாரம் கட்டினான். புத்தி இருக்கிறதா இல்லையா என்று தனக்குத்தானே வைத்துக்கொண்ட பரீட்சை அது. அட்டையைக் கொடுக்கும்போது அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நடுவர் சரி என்று சொல்லிவிட்டால் மிச்சம் ஒரு வருஷத்து மாத்திரையையும் மடமடவென்று முழுங்கிவிடுவானாம்.

பத்து நாள் கழித்து வட்டத்தின் வாட்ஸாப் குழுவில் முடிவு வந்தது. பரிசு வாங்கிய மூன்று புதிர்களுக்கு மட்டும் படம் போட்டிருந்தார்கள். மற்றவற்றுக்கு எண்ணும் ஒரு வரியும். ஜீஷானுடையது பதினாலு. எண் 14: தீர்வு இல்லை, அனுப்புவதற்கு முன் ஒருமுறை பலகையில் வைத்துப் பார்த்திருக்கலாம். அதன் கீழே பதினொரு பேர் சிரிக்கிற முகம் போட்டிருந்தார்கள். ஒருவர், பதினாலாம் எண்காரர் கேரம் ஆடப் போகலாம் என்று எழுதியிருந்தார்.

அன்று காலை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்த நம்பிராஜனை ஜீஷான் ஃபோனில் எழுப்பினான். தன் பலகையில் மேட் ஆகிறது, பத்துத் தடவை வைத்துப் பார்த்தாயிற்று என்றான். நம்பிராஜனும் ஆப்பைத் திறந்து பார்த்தான். என்ஜின் இரண்டில் மேட் இல்லை என்றது.

"மிஷின் இல்லங்குதுல. மிஷினு எதுக்குப் பொய் சொல்லப் போவுது?"

"அப்பம் நான்தான் இல்லாததப் பாக்கேனா?"

"டென்ஷன் ஆவாத. டைம்பாஸ்தானல இது."

ஜீஷான், "நீ ஒரே ஒருவாட்டி பலகையில வச்சுப் பாரேன்," என்றான். ஞாயிற்றுக்கிழமை வருவதாக நம்பிராஜன் சொன்னான். அந்த ஞாயிற்றுக்கிழமை தூங்கிப்போனான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் தூங்கினான். மூன்றாவது வாரம் ஜீஷான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஸ்டாம்ப்புகளை யாருக்கோ கொடுத்துவிட்டான் என்று பின்னால் தெரிந்தது. அந்த வாரத்தில்தான் மாத்திரையையும் விட்டிருக்கிறான். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படித்தான் வருகிறது.

நாற்பது அட்டையையும் நம்பிராஜன் மூன்று பிற்பகல்களில் முடித்தான். ஜன்னலோர மேசையில் அட்டையை வைத்து, ஓரங்களில் இரண்டு ஸ்கேலை வைத்து அழுத்தி, தன் நிழல் விழாமல் பக்கவாட்டில் நின்று எடுத்தான். நாற்பதும் சரி. நாற்பதிலும் ஒரே ஒரு விடை, சிலவற்றில் என்ஜினுக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. நாற்பத்தோராவதை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. கை ஓடிய ஓட்டத்தில் உறையிலிருந்து உருவி அதையும் எடுத்தான்.

இரண்டில் மேட் என்று வந்தது.

படம் தப்பாகப் படித்திருக்கும் என்று நினைத்தான். ஒவ்வொரு காயாக அட்டையோடு ஒத்துப் பார்த்தான். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. மறுபடி ஓடவிட்டான். இரண்டில் மேட். முதல் நகர்த்தல், வெள்ளை ராஜா கோட்டை கட்டுவது. ராஜா பக்கவாட்டில் இரண்டு கட்டம் போக, யானை அவரைத் தாண்டி வந்து மறுபக்கம் நிற்கிற அந்த ஒரு நகர்த்தல். புதிர்களில் அது அரிது. யாரும் அங்கே தேட மாட்டார்கள். மூன்று வாரம் யோசித்து ஜீஷான் அதை அங்கே ஒளித்து வைத்திருந்தான்.

பழைய ஃபோன் எப்போதோ போய்விட்டது. அதிலிருந்த படங்கள் நெட்டில் பத்திரமாக இருந்தன. இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஜூலைக்குப் போய் அந்தப் படத்தைத் தேடி எடுத்தான். கட்டங்களை மட்டும் விட்டு ஓரங்களை வெட்டிய படம். முதல் பார்வைக்குத் தப்பாக எதுவும் தெரியவில்லை. பிறகு குதிரையைப் பார்த்தான். ஜீஷானின் குதிரை ஸ்டாம்ப் இடது பக்கம் பார்க்கும், நாற்பது அட்டையிலும் அப்படித்தான். இந்தப் படத்தில் குதிரை வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை. ஐரோலி கம்பெனியில் கேட்டிலேயே ஃபோன் கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். வாடிக்கையாளர் விவரங்களை யாரும் படம் பிடிக்கக் கூடாது என்று சட்டம். ஷிஃப்ட் நடுவில் ஸ்டிக்கரைக் கிழித்தால் மெமோ. முன்னால் பின்னால் இரண்டு கேமராவுக்கும் ஒட்ட வேண்டும். வாட்ச்மேன் ஸ்டிக்கரை மிச்சம் பிடித்துப் பின்னால் மட்டும் ஒட்டுவான். ஜீஷானின் அட்டை மூன்று நாளாக நம்பிராஜனின் பையில் கிடந்தது. போட்டியின் கடைசி நாள் அன்றைக்குத்தான் என்பது கேன்டீனில் சாப்பிடும்போது ஞாபகம் வந்தது. அட்டையைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து, செல்ஃபி கேமராவால் எடுத்தான். அந்த ஃபோன் செல்ஃபியைக் கண்ணாடி காட்டுகிற மாதிரியே இடம் வலம் மாற்றிச் சேமிக்கும். கீழே ஜீஷான் எழுதியிருந்த பெயரை நம்பிராஜன் வெட்டிவிட்டிருந்தான். எழுத்து இருந்திருந்தால் இடம் வலமாகத் திரும்பித் தெரிந்திருக்கும்.

சதுரங்கப் பலகையை இடம் வலம் மாற்றினால் ஆட்டத்தில் ஒன்றும் மாறாது. சிப்பாய் சிப்பாய்தான், யானை யானைதான். கோட்டை கட்டுவதைத் தவிர. அதற்கு ராஜா தன் சொந்தக் கட்டத்தில் நிற்க வேண்டும், இடமிருந்து ஐந்தாவது. மாற்றிப் போட்டால் அவர் நான்காவதில் நிற்பார். கட்டங்களின் கறுப்பு வெள்ளையும் மாறியிருக்கும், ஆனால் அவசரத்தில் பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆப்புக்கும் தெரியவில்லை. காய்களைப் படித்துத் தன் பலகையில் ஒழுங்காக அடுக்கிக் கொடுத்தது. நடுவருக்கு வந்து சேர்ந்தது தீர்வு இல்லாத புதிர்.

ஜீஷானிடம் அந்தப் படத்தை ஒருமுறை காட்டியிருந்தால் போதும். ஸ்கிரீன் பிரின்டிங் கடையில் ஃபிலிமைப் புரட்டி வைத்துவிட்டால் எழுத்தெல்லாம் திரும்பி விழும். அதைப் பிடிக்கிற கண்ணுக்குத்தான் அவனுக்குக் கூலி. குதிரையைப் பார்த்த மாத்திரத்தில் சிரித்திருப்பான்.

நான்கு நாள் நம்பிராஜன் சஃப்ரீனைக் கூப்பிடவில்லை. நாற்பதை ஏற்றிவிட்டு லிங்கை அனுப்பிவிடலாம். அவள் கேட்டதும் அவ்வளவுதான். நாற்பத்தொன்றாவதை அவளே வேண்டாம் என்றுதானே சொன்னாள். சொல்லி என்ன ஆகப் போகிறது, செத்தவன் எழுந்து வரப்போகிறானா என்று எல்லாரையும்போல அவனும் கேட்டுப் பார்த்தான். அந்தக் கேள்வி எந்தப் பக்கமும் வேலை செய்யவில்லை. சொல்லாவிட்டாலும் அவன் எழுந்து வரப்போவதில்லை. ஐந்தாம் நாள் அவளே ஃபோன் செய்து முடிந்ததா என்று கேட்டாள். நேரில் வருவதாகச் சொல்லிவிட்டு, மடக்குப் பலகை ஒன்றை எடுத்துக்கொண்டு செம்பூரிலிருந்து அடுத்த ஸ்டேஷனான கோவண்டியில் போய் இறங்கினான்.

தம்பி வேலைக்குப் போயிருந்தான். தண்டவாளத்தை ஒட்டிய அறை. சஃப்ரீன் கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு, மெஷினுக்குப் பக்கத்தில் குவிந்திருந்த ஸ்கூல் பைகளை ஒதுக்கி அவனுக்கு இடம் பண்ணினாள். பைக்கு ஜிப் தைத்துக் கொடுப்பதுதான் இப்போது அவளுடைய வேலை.

"நாப்பதும் சரிதானாண்ணே?"

"நாப்பத்தொண்ணும் சரி, சஃப்ரீன்."

அவளுக்குப் புரியவில்லை. அவன் சுற்றி வளைக்காமல் சொன்னான். சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அட்டையை எடுத்துச் சுவரில் தொங்கிய கண்ணாடிமுன் பிடித்து, குதிரை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டான். அவள் அட்டையைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள். இப்படித்தான் நான் எடுத்து அனுப்பினேன் என்றான். பிறகு தரையில் பலகையை விரித்து அட்டையில் உள்ளபடி காய்களை அடுக்கினான். அவளுக்கு ஆட்டம் தெரியாது. ஆனாலும் எதிரே உட்கார்ந்தாள். அவன் ராஜாவை எடுத்து இரண்டு கட்டம் தள்ளி வைத்தான். யானையைத் தூக்கி அவரைத் தாண்டி வைத்தான்.

"இதுதான் விடை."

சஃப்ரீன் ராஜாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராஜா ரெண்டு கட்டம் போலாமா?"

"ஒரு கட்டந்தான் போவணும். இது ஒண்ணுக்கு மட்டும் ரெண்டு. சட்டம் உண்டு."

"அவுக என்னைய ராத்திரி எழுப்பிக் கேப்பாக." அவள் குரல் மாறவில்லை. "ராஜா ரெண்டு கட்டம் போலாம்லா, அப்படி ஒரு சட்டம் உண்டும்லா, இல்ல நானா உண்டாக்கிக்கிட்டனான்னு. எனக்கு என்ன தெரியும் இந்த எழவப் பத்தி? ராஜா எங்க வேணாலும் போவாரு, நீங்க படுங்கன்னுட்டேன். மறுநாளு தர்காவுக்குக் கூட்டிட்டுப் போயி தாயத்துக் கட்டி விட்டேன். அவுகளும் ஒண்ணும் சொல்லாமக் கைய நீட்டினாக."

நம்பிராஜன் யானையைக் கட்டத்தின் நடுவுக்கு நகர்த்தி வைத்தான்.

"உங்ககிட்டக் கேட்டாகளா?"

"ஒருவாட்டி வச்சுப் பாருன்னான்."

"பாத்தீங்களா?"

"இல்ல."

"பாக்க எவ்வளவு நேரம் ஆவும்?"

"அஞ்சு நிமிஷம்."

அவள் தலையை ஆட்டினாள், கடைக்காரன் விலை சொல்லும்போது ஆட்டுகிற மாதிரி. அழுவாள், அல்லது எழுந்து வெளியே போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்து வந்திருந்தான். இரண்டுக்கும் தயாராகத்தான் இருந்தான். அவள் எழுந்து போய் அடுப்பு மேடையில் சார்ஜில் கிடந்த தன் ஃபோனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இப்பம் சொன்னத எல்லாம் இதுல சொல்லுங்க. அவுக அண்ணனுக்கு அனுப்பணும். லிங்கு கிங்கெல்லாம் அவுக பாக்க மாட்டாக. ஆளு பேசினாப் பாப்பாக."

அவன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். அவள் ஃபோனை நிமிர்த்திப் பிடித்தாள்.

"என் பேரு நம்பிராஜன். மாட்டுங்கா லேபர் கேம்ப். ரெண்டு வருசம் முந்தி ஒரு போட்டிக்கு..."

"அது பொறவு சொல்லலாம்." அவள் நிறுத்தினாள். "முதல்ல அவுகளுக்குப் புத்தி நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க. அதுக்கப்புறம் உங்க கதையச் சொல்லுங்க. படம் உல்ட்டா ஆயிட்டுன்னு சொல்லுங்க, அப்பந்தான் அவுக அண்ணனுக்குப் புரியும். அதுக்குத்தான் தெனமும் கடப் பயலுவள ஏசுதாரு."

அவன் மறுபடி ஆரம்பித்தான். ஜீஷானுக்குப் புத்தி நல்லா இருந்துச்சு, அவன் கட்டின கணக்கு சரி, நான்தான் படத்தை உல்ட்டாவா எடுத்து அனுப்பினேன் என்று சொல்லிக்கொண்டு வரும்போது பன்வேல் ரயில் ஒன்று கதவை ஒட்டி ஓடியது. அது போய்த் தீரும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அவள் பதிவைப் போட்டுக் கேட்டாள்.

"ஒண்ணும் கேக்கல. வெளிச்சத்துக்கு வாங்க, மூஞ்சியும் தெரியல."

அவன் வாசல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். மூன்றாவது தடவை ரயில் எதுவும் வரவில்லை. வந்து பார்க்கச் சொன்னான், நான் போகலை, பார்த்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னான். அவள் அதைச் சொல்லச் சொல்லவில்லை. சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் ஃபோனை இறக்காமல் பிடித்திருந்தாள். பிறகு முழுவதையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, அவன் எதிரிலேயே அனுப்பினாள்.

"நாப்பத்தொண்ணையும் ஏத்திருங்கண்ணே. லிங்க வாட்ஸாப்லயே அனுப்பிருங்க. நேர்ல வரவேண்டாம்."

சரி என்றான். தரையில் கிடந்த காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பலகைக்குள் போட்டு மடித்தான். அவன் செருப்பை மாட்டுவதற்குள் சஃப்ரீன் மெஷினில் உட்கார்ந்து அடுத்த பையை எடுத்திருந்தாள்.